பெயர் மட்டும் மிஞ்சியவர் – அத்தியாயம் 2: ஓட்ஸ் நாளில் பிறந்த பிள்ளை

பிரான்ஸின் வடமேற்கே அலான்சோன் நகரத்து ஆவணக் காப்பகம். 1995ஆம் ஆண்டு. மேசைமேல் ஒரு பழைய பதிவேடு திறந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் அலேன் கோர்பன் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் இரண்டு பெயர்கள். ஒன்று ழான் கூராப்பியே. மற்றது லூயி-பிரான்சுவா பினகோ. இருவரையும் உலகம் மறந்து நூறாண்டுக்கு மேலாகிறது. இருவரில் ஒருவரைத்தான் அவர் மீட்கப் போகிறார். சென்ற வாரம் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்குச் சில வரிகள். கோர்பன் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அரசர்களையும் தளபதிகளையும் விட்டுவிட்டு, மக்கள் எதை முகர்ந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று எழுதியவர். நாற்றத்தைப் பற்றி ஒரு நூல், கிராமத்துத் தேவாலய மணியோசையைப் பற்றி ஒரு நூல் என்று அவர் எடுத்துக்கொண்டவை எல்லாம் அப்படிப்பட்டவை. அந்த மனிதருக்கு ஒரு குறை நெஞ்சில் தைத்துக்கொண்டே இருந்தது. எளிய மக்களின் வரலாறு என்று நாம் எழுதுவதுகூட, அவர்களில் ஏதோ ஒரு விதத்தில் தனித்து நின்றவர்களின் வரலாறுதான். நாட்குறிப்பு எழுதிய தொழிலாளி, கொலைசெய்து வழக்கில் சிக்கிய விவசாயி, கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நெசவாளி. இவர்கள் எல்லோரும் தடம் விட்டுப் போனவர்கள். எழுதத் தெரியாமல், குற்றம் செய்யாமல், தலைமை தாங்காமல், உழைத்துச் செத்துப்போன கோடிக்கணக்கானவர்களுக்கு யார் வரலாறு எழுதுவது?

அதற்காக அவர் செய்த காரியம் வரலாற்றுத் துறையில் யாரும் செய்யத் துணியாதது. தான் பிறந்து வளர்ந்த ஓர்ன் மாவட்டத்தைத் தேர்ந்துகொண்டார். வேண்டுமென்று தேர்ந்தது அது ஒன்றைத்தான். பிறகு ஊர்களின் பட்டியல் தொகுதிகளில் ஒன்றைப் பார்க்காமல் எடுத்தார். ஒரிஞ்ஞி-லெ-புத்தேன் என்ற ஊர் வந்தது. அந்த ஊரின் 18ஆம் நூற்றாண்டுக் கடைசிப் பத்தாண்டுப் பெயர்ப்பட்டியலை மனம்போன பக்கத்தில் திறந்தார். இரண்டு பெயர்கள் வந்தன.

இனி இந்த வாரம்.

* * *

தேர்வு செய்வது கோர்பனுக்குச் சிரமமாக இல்லை. கூராப்பியே இளமையிலேயே இறந்துபோனவர். பினகோ 77 ஆண்டுகள் வாழ்ந்தவர். நீண்ட வாழ்வு என்றால் அதிகக் காகிதங்கள். அரசு அவரை அதிக முறை எண்ணியிருக்கும், அதிக முறை வரி கேட்டிருக்கும், அதிக முறை பெயர் எழுதியிருக்கும். ஆய்வாளரின் கணக்குச் சரிதான்.

ஆனாலும் எனக்கு அந்த ழான் கூராப்பியேவைக் கடந்து போக மனம் வரவில்லை. ஒருமுறை மறக்கப்பட்டவர், இருநூறு ஆண்டு கழித்து ஒருவர் விரல் தன் பெயரின்மேல் வந்து நின்றபோது, மறுபடியும் கைவிடப்பட்டார். குடும்பத்தின் பழைய தலைமுறைகளைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறோம். பிள்ளை பெற்றவர், நிலம் வாங்கியவர், ஊர்விட்டு ஊர் போனவர் ஆகியோரின் கிளைகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறோம். சிறுவயதில் அம்மையில் போன சித்தப்பாவுக்கும், மணமாகாமல் இறந்த அத்தைக்கும் வம்சாவளிப் படத்தில் ஒரு சின்னக் கோடு போடுவதோடு சரி. கூராப்பியேவின் பெயரை இந்தத் தொடரிலாவது எழுதி வைப்போம் என்றுதான் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் முதலில் அவரைச் சொன்னேன்.

பினகோவிடம் வருவோம்.

* * *

அவர் பிறந்தது 6ஆம் ஆண்டு, மெசிதோர் மாதம் 2ஆம் நாள்.

இப்படித்தான் அந்தக் காலத்துப் பதிவேடுகள் நாளைக் குறித்தன. புரட்சி அரசு கிறிஸ்தவ நாட்காட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்திருந்தது. குடியரசு பிறந்த 1792ஆம் ஆண்டிலிருந்து கணக்கு தொடங்கும். மாதம் ஒவ்வொன்றுக்கும் 30 நாள். ஏழு நாள் வாரம் கிடையாது, பத்து நாளுக்கு ஒரு சுற்று. ஆண்டுக் கடைசியில் மிஞ்சும் ஐந்தாறு நாட்கள் திருநாட்கள். பழைய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு புனிதருக்கு உரியதாக இருந்தது. புதியதில் புனிதர்களை எடுத்துவிட்டு, பயிர்களையும் விலங்குகளையும் உழவுக் கருவிகளையும் வைத்தார்கள். ஐந்தாம் நாளெல்லாம் ஒரு விலங்கு, பத்தாம் நாளெல்லாம் ஒரு கருவி. மெசிதோர் அறுவடை மாதம். அதன் முதல் நாள் ரை தானியத்துக்கு உரியது. இரண்டாம் நாள் ஓட்ஸுக்கு.

நம்முடைய கணக்கில் அது 1798 ஜூன் 20. பிள்ளையின் தந்தை ஜாக் பினகோ பாரவண்டி ஓட்டிப் பிழைத்தவர். வண்டிக்காரர் வீட்டில், குதிரைத் தீவனத்தின் பெயர் கொண்ட நாளில், ஆண் குழந்தை. இதை அந்த வீட்டில் யாராவது கவனித்துப் பேசியிருப்பார்களா? கவனித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். கிராமத்து மக்கள் பழைய வாரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் விடவே இல்லை. பதிவேட்டில் மட்டும் ஓட்ஸ் நாள் நடந்தது. 1806 ஜனவரி 1 அன்று அந்த நாட்காட்டியே ஒழிந்தபோது பையனுக்கு ஏழு வயது.

அந்த ஜூன் மாதம் உலகம் என்ன செய்துகொண்டிருந்தது? நெப்போலியன் போனபார்ட் மால்டா தீவைப் பிடித்துவிட்டு, எகிப்தை நோக்கிக் கடலில் போய்க்கொண்டிருந்தார். எகிப்தில் இறங்கிய பிறகு, 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து அவர் திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். அதில் சொன்ன உதவி வந்து சேரவில்லை. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இவற்றை நாள் தவறாமல் நாம் சொல்ல முடிகிறது. இந்த நாட்களில் ஒரிஞ்ஞி-லெ-புத்தேனில் ஒரு கைக்குழந்தை தவழ்ந்துகொண்டும் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டும் இருந்தது. அதற்கும் ஒரு நாள் இருந்திருக்கும், முதல் அடி எடுத்து வைத்த நாள். அதை எழுதி வைக்க எந்தப் பதிவேடும் கிடையாது.

* * *

பிறந்த நாளாவது எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கேதான் இந்தத் தேடல் முழுவதற்கும் அடித்தளம் இருக்கிறது.

1792 செப்டம்பர் 20 வரை பிரான்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பங்குக் குருவின் கையில் இருந்தன. அவர் எழுதியது ஞானஸ்நானத்தை, அடக்கத்தை. அன்றைய சட்டம் அந்தப் பதிவேடுகளைத் தேவாலயத்திலிருந்து எடுத்து ஊராட்சியிடம் கொடுத்தது. பிள்ளை பிறந்தால் ஊராட்சி அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும், பிள்ளையையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சாட்சி இருவர் வேண்டும். அவர்கள் 21 வயது நிரம்பியவர்களாக இருந்தால் போதும், ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் அதையும் பதிவில் குறிப்பார்கள். ஒவ்வொரு பதிவும் இரண்டு பிரதி. ஒன்று ஊரில் இருக்கும், மற்றது மேலே போய்விடும். ஊர் எரிந்தாலும் பெயர் எரியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லாப் பெயர்களையும் அகரவரிசையில் கோத்து ஒரு பட்டியல் செய்வார்கள். கோர்பன் திறந்தது அத்தகைய பட்டியலைத்தான்.

இந்த ஏற்பாடு நமக்கு அந்நியமானதல்ல. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மூத்த தலைமுறையினர் ‘எத்தா சிவில்’ என்று சொல்வது இதே பதிவேட்டைத்தான். காலனிகளுக்கு இன்னொரு பிரதியும் உண்டு. 1776ஆம் ஆண்டு அரசாணைப்படி, குடியேற்ற நாடுகளின் பதிவுகளில் ஒரு பிரதி கப்பலேறி பிரான்ஸுக்குப் போக வேண்டும். அந்தப் பிரதிகள் இன்று தெற்கு பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதி மின்படங்களாகவும் வந்துவிட்டன. புதுச்சேரியில் வேர் உள்ள குடும்பம் என்றால், உங்கள் பூட்டனாரின் பெயரும் பினகோவின் பெயரும் ஒரே வகைப் படிவத்தில், ஒரே வகை வாசகத்தில் எழுதப்பட்டிருக்கக் கூடும். பினகோவைத் தேடிய வழிதான் உங்கள் பூட்டனாரைத் தேடவும் வழி.

* * *

பிறப்புப் பதிவு கிடைத்தாயிற்று. இறப்புப் பதிவும் உண்டு: 1876 ஜனவரி 31. நடுவில் 77 ஆண்டுகள். அவற்றை எதைக்கொண்டு நிரப்புவது?

பினகோவின் உருவப்படம் இல்லை. கடிதம் இல்லை, அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அவர் பேசிய ஒரு சொற்றொடர்கூட எங்கும் இல்லை. கிடைக்கின்ற காகிதங்கள் எல்லாம் பிறர் தங்கள் தேவைக்காக எழுதியவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வரி. வரி கட்ட இயலாத ஏழைகள் வரிசையில் பெயர். நூல் நூற்றுப் பிழைத்த ஆன் போத்தே என்ற பெண்ணோடு திருமணம், பிறகு பிள்ளைகளின் பிறப்பு. 1846இல் மனைவியின் மரணம். அரசுக்கு அவரிடம் ஏதாவது வேண்டியிருந்தபோது மட்டும் அவர் தெரிகிறார், வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் சாதாரண எழுத்தாளர் கற்பனையைத் திறந்துவிட்டிருப்பார். பினகோ நினைத்தார், பினகோ ஏங்கினார் என்று பக்கம் பக்கமாக ஓடியிருக்கும். கோர்பன் அதைச் செய்யவில்லை. அதனால்தான் பினகோவைப் பற்றி அவர் எழுதி 1998இல் வெளியான நூலை நான் இவ்வளவு மதிக்கிறேன். கதாநாயகன் கடைசிவரை திரையில் வராமல், கேமராவே அவன் கண்ணாக இருக்கும் படம் போல அவர் வேலையை அமைத்துக்கொண்டார். அந்த மனிதர் நின்ற இடத்தில் நின்றால் எது கண்ணில் படும், எது காதில் விழும், பக்கத்து வீட்டில் யார், அவர் கடன்பட்டிருந்தால் அந்த ஊரில் யாரிடம் பட்டிருக்க முடியும்? ஆவணம் சொல்வதைச் சொல்வார். சொல்லாததை ‘இருக்கலாம்’ என்று பிரித்து வைப்பார். இரண்டையும் கலக்கமாட்டார்.

அப்படி நின்று பார்த்தால் முதலில் தெரிவது காடு.

பெர்ஷ் என்ற அந்தப் பகுதியில் பெல்லேம் காடு சுமார் 2,400 ஹெக்டேர். ஓக் மரமும் பீச் மரமும் அடர்ந்த அரசுக் காடு. ஒரிஞ்ஞி-லெ-புத்தேன் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். வண்டிக்காரர் மகன் வண்டிக்காரராகவில்லை. மரச்செருப்பு செய்யும் தொழிலுக்குப் போனார்.

மரச்செருப்பு என்றால் நம் பாதக்குறடு போல் தட்டையானது அல்ல. முழுக் கட்டையைக் குடைந்து, பாதம் முழுவதும் உள்ளே போகும்படி செய்வது. சேற்றிலும் பனியிலும் நடக்கும் ஏழைக்கு அதுதான் காலணி. பீச் மரத்தை ஈரம் காயும் முன்பே எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் கத்தி இறங்காது. கட்டையை அளவாக அறுத்து, பிளந்து, கோடாலியால் உருட்டாகச் செதுக்குவார்கள். பிறகு மேசையில் ஒரு முனை மாட்டப்பட்ட நீளமான வெட்டுக்கத்தி வரும். மறுமுனைப் பிடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் கட்டையைத் திருப்பித் திருப்பி வெளிவடிவம் எடுக்க வேண்டும். கட்டையைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் கத்தியின் அலகுக்கும் நடுவே மிகக் குறைந்த இடைவெளிதான். அடுத்தது உள்ளே குடைவது. துரப்பணத்தால் துளையிட்டு, கரண்டி போல் வளைந்த உளியால் பாதத்தின் வளைவுக்கேற்பச் சுரண்டி எடுப்பார்கள். இடதும் வலதும் ஒத்துப்போக வேண்டும். கடைசியில், செதுக்கி விழுந்த சிம்புகளையே எரித்து அந்தப் புகையில் உலர்த்துவார்கள்.

ஒரு கிராமத்தின் காலடி ஓசை முழுவதும் இவர்கள் கையிலிருந்து வந்தது. மணியோசைக்கு நூல் எழுதிய கோர்பனுக்கு இந்த ஓசை முக்கியம். கல் பாவிய முற்றத்தில், தேவாலய வாசலில், யார் வருகிறார் என்று கட்டைச் சத்தத்திலேயே ஊருக்குத் தெரிந்திருக்கும். பினகோ செய்த ஒரு ஜோடிகூட இது அவருடையது என்று காட்டும்படி மிஞ்சவில்லை. அவர் வாழ்நாளில் செய்ததெல்லாம் ஊராருடைய கால்களில் தேய்ந்து, அடுப்பில் எரிந்து போயிருக்கும்.

ஆனால் ஒன்று மிஞ்சியிருக்கிறது. எழுதத் தெரியாத பினகோவின் சொந்தக் கை ஒரு காகிதத்தின்மேல் பட்ட இடம், இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. அது எந்தக் காகிதம், எதற்காக அவர் அதைத் தொட்டார் என்பதற்கு நாம் அவருடைய முதுமை வரை நடக்க வேண்டும். வரும் வாரங்களில் அங்கே போய்ச் சேர்வோம். அதற்கு முன் அவர் இளைஞராக உயிரோடு தப்பிக்க வேண்டும்.

* * *

தப்பிப்பது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அவர் பிறந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. 1798 செப்டம்பர் 5 அன்று பாரிஸில் ஒரு சட்டம் நிறைவேறியது. 20 வயது முதல் 25 வயது வரையுள்ள பிரெஞ்சு ஆண்கள் அனைவரும் படைக்கு அழைக்கப்படக் கூடியவர்கள். நெப்போலியனின் போர்களுக்கு ஆள் கொடுத்தது இந்தச் சட்டம்தான். தொட்டிலில் கிடந்த பிள்ளை வளர வளர, ஊருக்கு ஊர் அண்ணன்மார்கள் ஸ்பெயினுக்கும் ஆஸ்திரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் போனார்கள். பலர் திரும்பவில்லை.

1812இல் ரஷ்யப் பனியில் பெரும்படை அழிந்தது. பிறகு ஆள் போதவில்லை. வயது வரும்வரை காத்திருக்க முடியாமல், அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு உரிய இளைஞர்களையும் முன்கூட்டியே அழைத்தார்கள். 1813 அக்டோபரில் அழைக்கப்பட்டவர்களில் 1795இல் பிறந்த 18 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பினகோவுக்கு அப்போது 15. அலை கரைக்கு மூன்றே ஆண்டு தூரத்தில் வந்து நின்றது.

1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்தார். மீண்டும் வந்த மன்னர் கட்டாயப் படைச்சேர்ப்பை ஒழிப்பதாக அறிவித்தார். அந்த ஊரில் ஆண்பிள்ளை பெற்ற வீடுகள் எப்படி மூச்சுவிட்டிருக்கும் என்பதற்கு ஆவணம் தேவையில்லை. ஓராண்டில் நெப்போலியன் திரும்பினார், வாட்டர்லூவில் தோற்றார், இம்முறை பிரஷ்யப் படைகள் பெர்ஷ் வரைக்கும் வந்தன. பதினேழு வயதுப் பினகோ வெற்றிபெற்ற அயல்நாட்டுச் சிப்பாய்களைத் தன் மண்ணில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தார். அதற்கடுத்த ஆண்டு கோடையே வரவில்லை. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய தூசி வானத்தை மறைத்திருந்தது என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மழை நிற்கவில்லை, தானியம் விளையவில்லை, ரொட்டி விலை ஏறியது, அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பசியிலிருந்து மீண்டு நிமிர்வதற்குள், 1818 மார்ச் 10 அன்று புதிய சட்டம் வந்துவிட்டது.

ஒழித்த படைச்சேர்ப்பு வேறு உருவத்தில் திரும்பியது. ஆண்டுக்கு 40,000 பேர் வரை. சேவை ஆறு ஆண்டு. எல்லோரையும் எடுக்க மாட்டார்கள், குலுக்கலில் எடுப்பார்கள். 20 வயது நிரம்பியவர்கள் அந்தந்த வட்டாரத் தலைமை ஊரில் கூட வேண்டும். ஒரிஞ்ஞி-லெ-புத்தேன் மக்களுக்கு அது பெல்லேம். பெயர் கூப்பிட்டதும் போய், பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வராதவர்களுக்குப் பெற்றோரோ ஊர்த்தலைவரோ எடுப்பார். சீட்டில் எண் இருக்கும். சிறிய எண்ணிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டு போவார்கள், தேவையான கணக்கு நிறைந்ததும் நிறுத்துவார்கள். பெரிய எண் எடுத்தவன் வீட்டுக்குப் போகலாம்.

சிறிய எண் வந்தாலும் சில கதவுகள் திறந்திருந்தன. 1 மீட்டர் 57 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் விடுவார்கள். துப்பாக்கித் தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பதால், முன்பல் இல்லாதவன் பயன்பட மாட்டான். விசையை அழுத்தும் விரல் இல்லாதவனும் அப்படியே. மரச்செருப்புப் பட்டறையின் வெட்டுக்கத்தி சிலருக்கு அந்த விதத்தில் விடுதலை கொடுத்திருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறவனுக்கு ஒரு வழி, தனக்குப் பதிலாக வேறொருவனை விலைக்குப் பிடித்து அனுப்புவது. சட்டம் அதை அனுமதித்தது. ஆனால் அந்த விலை பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகும். ஏழைகள் பட்டியலில் வந்து நிற்கப்போகிற ஒரு மரச்செருப்புக்காரருக்கு அது ஏழு பிறவிக்கும் எட்டாது.

ஆகவே எல்லாம் ஒரு சீட்டில் இருந்தது. சிறிய எண் வந்தால் ஆறு ஆண்டு காடு இல்லை, பட்டறை இல்லை, நூல் நூற்கும் ஆன் போத்தேயின் வாழ்வும் வேறு திசையில் போயிருக்கும். இன்று பினகோவைத் தேடும் நாமும் அவரை ஒரு படைப்பிரிவின் பதிவேட்டில் தேட வேண்டியிருக்கும். அவருடைய வயதுப் பிள்ளைகளின் முறை வந்தது. பெல்லேமில் பெயர்களைப் படிக்கத் தொடங்கினார்கள். பினகோ என்ற பெயரும் வந்தது.

பெட்டிக்குள் போன கை எந்தச் சீட்டோடு வெளியே வந்தது?

(தொடரும்)